தேங்காய்க்குப் பிறந்த சேரன்

போன வாரம் களமருதூர் டீக்கடையில், பக்கத்திலிருந்த பெரியவர் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "பாருங்க தம்பி, நம்ம அதியமான் பொய்யே பேசினதில்லையாம். கல்வெட்டுலயே சத்திய புத்திரன்னு போட்டிருக்கு." கூடவே கிரீடம் வைத்த ஒரு படம்.

அந்தக் கல்வெட்டு நம் மாவட்டத்தில், தென்பெண்ணைப் பக்கம் ஜம்பையில் இருக்கிறது. தொல்லியல் துறை 1981-ல் கண்டது. தமிழ் பிராமியில் ஒரே ஒரு வரி. அதியன் நெடுமான் அஞ்சி பள்ளி கொடுத்த செய்தி. பெயருக்கு முன்னால் உள்ள பட்டம் 'ஸதியபுதோ'. இது பிராகிருதம். அசோகன் தன் 2-ஆம் பாறைக் கட்டளையில் சோழ பாண்டியரோடு சேர்த்துச் சொல்லும் அதே பெயர்.

அந்தக் கட்டளையிலேயே சதியபுதோவை அடுத்துக் கேரளபுதோவும், அதாவது சேரனும், நிற்கிறார். பிராகிருதத்தைக் கண்டதும் சமஸ்கிருத அகராதியைப் புரட்டும் புண்ணியவான்களே, கேரம் என்றால் தேங்காய் என்று சொன்னதும் நீங்கள்தானே? அப்படியானால் சேரன் தேங்காய்க்குப் பிறந்தவனா? இளநீர் அவனுக்கு என்ன முறை?

புதோ என்றால் மகன். 'மகன்' தேய்ந்தால் 'மான்'. கேரளபுதோ சேரமான், சதியபுதோ அதியமான். வால்தான் மொழிபெயர்ப்பு, தலை குலப்பெயர். முதல் சகரம் உதிர்வது நமக்குப் புதிதா? சிறகு இறகாகவில்லையா? திருநறுங்கொண்டை மலையில் அப்பாண்டைநாதரைக் கும்பிடும் சமணரைப் பழந்தமிழ் அமணர் என்றதே! சதியன் மட்டும் சத்தியத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமாம்.

பிராகிருதம் என்றாலே நாக்குக் குழறிய சமஸ்கிருதம் என்று ஒரு நினைப்பு. அசோகன் பிராகிருதத்தில் வெட்டினான், கிரேக்கத்தில் வெட்டினான், அரமேயத்தில்கூட வெட்டினான். சமஸ்கிருதத்தில்? ஒன்றுமில்லை. இன்னொரு மேதாவி அதே ஜம்பை வரியின் கடைசிச் சொல்லான 'பளி'யைப் பார்த்துவிட்டு, "பாலி மொழி!" என்று துள்ளினார். பள்ளி ஐயா, முனிவர் படுத்த இடம். முதுகுன்றத்தை விருத்தாசலம் ஆக்கிய ஊர்ப்பக்கம் அல்லவா, பெயர் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. நல்லவேளை, களமருதூரை இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

பெரியவரிடம் இவ்வளவும் சொன்னேன். தேங்காய்க்கு மட்டும் சிரித்தார். டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப, அதியமான் பொய் பேசுவாருன்றீங்களா தம்பி?"