சக்கரை விக்கிறவனுக்கு வெப்சைட் எதுக்குங்க?

ரெண்டு மூட்டை நாட்டுச்சக்கரையை நேரடியா விக்கலாம்னு ஒரு விவசாயி நெனச்சாலே போதும், எங்கிருந்தோ ஒரு தம்பி லேப்டாப்போட வந்துடறாரு. "அண்ணா, பெரிய கம்பெனி மாதிரி காட்டணும்ங்ணா. வெப்சைட் ஒண்ணு போட்டுடலாம், 30,000 ரூபாதான்." பயிற்சிக் கூட்டத்துக்குப் போனாலும் இதே பாட்டுத்தான். இப்படிப் பணம் கட்டினவங்க எங்க சுத்துவட்டாரத்துல நாலஞ்சு பேர் இருக்காங்க. அதனால கொஞ்சம் காரமாவே எழுதறேன். சின்ன விவசாயிக்கு முதல்ல வேண்டியது வெப்சைட் இல்லீங்க. அவன் கையாலயே அன்னன்னைக்கு மாத்தக்கூடிய ஒரு விலைப்பட்டியல்.

மொதல்ல கணக்கைப் பாருங்க. ஒரு ஏக்கர்ல 40 டன் கரும்பு வெட்டுனா, நூத்துக்குப் பத்துன்னு சுமாரா 4 டன் சக்கரை. நேரடியா விக்கிறப்ப பை, கூரியர், உடைசல் எல்லாம் போக, மண்டி விலையை விட கிலோவுக்கு 10 ரூபா கூட நிக்குதுன்னு வெச்சுக்குங்க. அந்த 30,000-ஐ எடுக்க 3,000 கிலோ வித்தாகணும். வருசம் பூரா தண்ணி கட்டி, சோகை உரிச்சு, ஆலை ஆட்டி எடுத்த ஒரு ஏக்கர் சக்கரையில முக்கால் பங்கு, வெப்சைட்காரருக்கே போயிருது. அடுத்த வருசம் பேரைப் புதுப்பிக்க, இடவாடகை கட்டன்னு மறுபடியும் கேப்பாங்க. கட்டலைன்னா கடை இருந்த இடமே தெரியாம போயிரும்.

சரி, காசு போனாலும் பொருளாவது ஒழுங்கா தெரியுதா? கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போய்ப் பாருங்க. 60 கிலோ மூட்டை வரிசையா நிக்கும். வியாபாரி கைப்பிடி அள்ளுவாரு, வெளிச்சத்துல நிறம் பாப்பாரு, விரல்ல நசுக்கி ஈரம் பாப்பாரு, துளி வாயில போடுவாரு. அப்புறந்தான் விலை. மூடி வெச்ச மூட்டைக்கு யாரும் விலை சொல்றதில்ல. ஃபோன்ல வாங்கற அம்மாவுக்கு அந்தக் கைப்பிடி கிடைக்காது. அதுக்குப் பதிலா அவங்களுக்கு என்ன காட்டறோம்ங்கறதுதான் கேள்வி.

நான் பார்த்த வெப்சைட்டுகள்ல என்ன இருக்குதுங்க? எடுத்ததும் வெளிநாட்டுக் கோதுமை வயல். நடுவுல நெட்ல எடுத்த, பல்லைக் காட்டிச் சிரிக்கிற ஒரு விவசாயி. 'எங்கள் தொலைநோக்கு', 'எங்கள் பயணம்'னு நாலு பத்தி. விலை எங்கடான்னு தேடுனா, 'விலைக்குத் தொடர்பு கொள்ளவும்'. இன்னொரு கூத்து, படத்தைப் பளிச்சுனு ஆக்கறேன்னு வெளுப்பாக்கிடறாங்க. வெள்ளைச் சக்கரையைப் பார்த்தா ஹைட்ரோஸ் போட்டதுன்னு ஜனங்க ஓடற காலம் இது. மருந்து போடாம காய்ச்சின சக்கரையைக் கம்ப்யூட்டர்ல வெளுத்துக் காட்டி, சந்தேகத்தை நாமளே காசு குடுத்து வாங்கணுமா?

சக்கரை விலை நிலையா நிக்காதுங்க. ஆலை நெறைய ஓடுனா எறங்கும், பண்டிகை வந்தா ஏறும். ஒவ்வொரு தடவையும் அந்தத் தம்பிக்கு ஃபோன் போட்டு, "விலையை மாத்திக் குடு சாமி"ன்னு கெஞ்சறது கடை நடத்தறதா? விலை எழுதின படத்தையோ பிடிஎஃப்பையோ குரூப்ல போட்டுவிடறதும் இதே வம்புதான். அனுப்பினது அனுப்பினதுதான். தை மாசம் போட்ட விலை ஆடி மாசம் வரைக்கும் ஊர் சுத்தும். "நீங்க போட்ட விலைதானே?"ன்னு கேட்டா என்ன பதில் சொல்றது?

எனக்குச் சரின்னு படறது வாட்ஸ்அப் பிசினஸ். 2018-ல வந்த ஆப், 2019-ல அதுல கேட்டலாக் வசதி வந்துச்சு. ஆப்புக்குக் காசு இல்ல. வெயில் வெளிச்சத்துல கையில அள்ளி எடுத்த படம், எடை, காய்ச்சின தேதி, இன்னிக்கு விலை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண். இவ்வளவும் போட்டாப் போதும். இருப்பு தீந்தா நாமளே மறைச்சு வெச்சுக்கலாம். வாங்கறவங்களை நம்ம நம்பரைச் சேமிச்சுக்கச் சொல்லுங்க. சேமிக்காட்டி, ஒரே தடவையில பல பேருக்கு அனுப்பற பிராட்காஸ்ட் செய்தி அவங்களுக்குப் போகாது. கூகுள் மேப்புல ஆலை இருக்கற இடத்தைப் பதியறதும் இலவசந்தான்.

வீடியோ வேண்டாங்கலை. பால் கொதிக்கறது, அழுக்கு எடுக்கறது, பாகு பதம் பாக்கறது, இதையெல்லாம் வீடியோ காட்டற மாதிரி எதுவும் காட்டாது. அது நம்பிக்கைக்கு. விலை கேக்கறவங்க பத்து நிமிச வீடியோவுல தேடிக்கிட்டு இருக்க மாட்டாங்க.

"வெளியூர்க்காரன் எப்படி நம்பளைக் கண்டுபிடிப்பான், வெப்சைட் இருந்தாத்தானே மதிப்பு"ம்பாங்க. நூத்துக்கணக்கான உறுப்பினரும், கணக்குப் பாக்க ஆளும், வருசம் பூரா சரக்கும் இருக்கற உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்னா வெப்சைட் வெச்சுக்கட்டும், நியாயம். பெரிய கடைக்காரங்க கேப்பாங்க. ஆனா வருசத்துக்கு மூணு டன் விக்கிற ஆளுக்கு வாங்கினவங்க மறுபடி வாங்கறதும், அவங்க அக்கா தங்கச்சிக்குச் சொல்றதும்தான் யாவாரம். அதுக்கு ஃபோன் நம்பரும் ஒரே மாதிரி தரமும் போதும்.

இதுக்கு மேலயும் வெப்சைட் வேணும்னு தோணுனா, பணம் குடுக்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. அந்தப் பேரு யார் பேர்ல பதிவாகும், உங்க பேர்லயா அவர் பேர்லயா? விலையை உங்க ஃபோன்லயே நீங்களா மாத்த முடியுமா? அடுத்த வருசம் எவ்வளவு கட்டணும்? எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. இழுத்தாருன்னா, டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வெச்சுட்டு, அந்த 30,000-க்குக் கொப்பரையையோ அடுப்பையோ சரி பண்ணுங்க.