நண்டுக் கூலி

கட்டுமாவடிக் கரையில் நான் வாங்கிய முதல் கூலி 10 ரூபாய். கோடை விடுமுறை. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகுகள் மட்டும் போய்வரும். விடிகாலையில் வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்ற வேண்டும். கால் ஒடிந்தால் விலை போகாது. நண்டின் காலைக் காப்பாற்றப் போய் என் விரல்தான் கிழியும். மீன் வாடையடித்த அந்த ஈர ரூபாய்த் தாளை அம்மா கடுகு டப்பாவில் போட்டு வைத்தார், செலவழிக்கவே இல்லை. 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குட்பட்டவர்கள் விடுமுறையில் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்கிறது. மாமாவும் சித்தப்பாவும் அதில் குடும்பம்தான். இந்தச் சலுகை எனக்கு உவப்பில்லை. எங்கள் கரையில் படகுக்காரர் அத்தனை பேரும் மாமாதான், எனக்கு அந்த 10 ரூபாய் கொடுத்தவர் உட்பட.