பூட்டிக் கிடக்கும் பேரேடு

ஒரு துண்டுச் சீட்டு. கையொப்பம் இல்லை, எழுதிய கை யாருடையது என்பதற்கு அடையாளமும் இல்லை. அதிலே நான்கு பெயர்கள்; ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு தொகை. அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில், காட்ஸ்டன் நகரில் இருந்த குட்இயர் டயர் தொழிற்சாலையில், 1998-ஆம் ஆண்டு லில்லி லெட்பெட்டர் எனும் அம்மையாரின் கைக்கு வந்து சேர்ந்தது அச்சீட்டு. நான்கில் ஒரு பெயர் அவருடையது. மற்ற மூன்றும் உடன் பணியாற்றிய ஆண்களுடையவை. நான்கு தொகைகளில் குறைந்த தொகை எவருக்கு என்று தோழர்களுக்கு நான் சொல்லவும் வேண்டுமோ?

1979-இல் அவர் பணியில் அமர்ந்தபோது ஆண்களுக்கு நிகரான ஊதியமே பெற்றார். பின்னர் ஆண்டுதோறும் அவருக்கு உயர்வு சிறுத்தது, அவர்களுக்குப் பெருத்தது. 1997-ஆம் ஆண்டு முடிவில் நிலை என்ன என்பது வழக்கு மன்றத்திலே வெளிவந்தது. அம்மையாருக்கு மாதம் 3,727 டாலர். அதே பதவியிலிருந்த ஆண்கள் பதினைவரில் மிகக் குறைவாகப் பெற்றவருக்கு 4,286. மிகுதியாகப் பெற்றவருக்கு 5,236. கடைசி ஆணுக்கும் அம்மையாருக்கும் இடையே மட்டும் மாதம் 559 டாலர் பள்ளம்!

ஜூரிகள் அவர் பக்கம் நின்றனர். முப்பது இலட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு என்றனர். சட்டத்தின் உச்சவரம்பு அதனை ஏறத்தாழ 3,60,000 ஆகச் சுருக்கிற்று. 2007 மே 29 அன்று உச்சநீதிமன்றம் அதனையும் பறித்தது. ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். ஊதியத்தைப் பற்றி முடிவெடுத்த 180 நாட்களுக்குள் முறையிட்டிருக்க வேண்டும் என்றனர் ஐவர். அடுத்தவர் ஊதியம் இன்னதென்றே அறியாதவர் எந்த நாளை முதல் நாளாகக் கொண்டு எண்ணுவார்? நால்வர் சார்பில் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் அம்மையார் தம் மாறுபட்ட தீர்ப்பை மன்றத்திலேயே வாய்விட்டுப் படித்தார்.

2009 சனவரி 29-இல் குடியரசுத் தலைவர் ஒபாமா கையொப்பமிட்ட முதல் சட்டம் லெட்பெட்டர் பெயரைத் தாங்கி வந்தது. குறைத்த ஊதியம் கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் முறையீட்டுக் காலம் புதிதாகத் தொடங்கும் என்றது அது. நல்ல சட்டம்தான். ஆனால் நிறுவனத்திடமிருந்து அம்மையாருக்கு ஒரு காசும் வரவில்லை. ஓய்வூதியமும் குறைந்த ஊதியத்தின்மேல் கணக்கிடப்பட்டதே. 2024 அக்டோபரில் அவர் மறைந்தார்.

நான் கூற வருவது வேறு. அச்சட்டம் காலக்கெடுவை நீட்டியதே தவிர, பேரேட்டின் பூட்டைத் திறக்கவில்லை. எந்தச் சீட்டு வழக்கைத் தொடங்கி வைத்ததோ, அந்தச் சீட்டை மறுபடியும் யாரேனும் ஒரு நல்ல உள்ளம் திருட்டுத்தனமாகப் போட்டால்தான் அடுத்த பெண்ணுக்கும் உண்மை தெரியும்.

ஒரு நிறுவனத்தின் இலாப நட்டக் கணக்கை எடுத்துப் பாருங்கள். வட்டிக்கு ஒரு வரி உண்டு. இயந்திரம் தேய்ந்ததற்கு ஒரு வரி உண்டு. சம்பளத்துக்கும் ஒரு வரி உண்டு, ஒரே வரி! அந்த ஒற்றை வரியின் கூட்டலுக்குள்ளே ஆணும் பெண்ணும், பெற்றவரும் இழந்தவரும் கரைந்து போகின்றனர். கணக்கிலே பிழை இல்லை. தணிக்கையாளரும் சரி என்று ஒப்பமிடுவார். கூட்டல் சரியாக இருப்பதும் நியாயம் சரியாக இருப்பதும் ஒன்றெனக் கொள்ளும் ஏமாளித்தனத்துக்கு என்ன பெயரிடுவது?

பூட்டைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று டென்மார்க்கிலே இருக்கிறது. 35 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள் ஊதியத்தை ஆண், பெண் எனப் பிரித்துத் தம் ஊழியருக்குக் காட்ட வேண்டுமென 2006-இல் அந்நாடு சட்டம் இயற்றிற்று. பென்னட்சன், சிமின்ட்சி, சூட்சூரா, உல்ஃபன்சன் ஆகிய நான்கு பேராசிரியர்கள் அதன் விளைவை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டனர். சட்ட வரம்புக்குச் சற்று மேலே நின்ற நிறுவனங்களையும் சற்றுக் கீழே நின்றவற்றையும் ஒப்பிட்டனர். கண்டது என்ன? காட்ட வேண்டிய கட்டாயம் வந்த இடத்தில் ஊதிய இடைவெளி சுருங்கிற்று, இலாபம் குன்றவில்லை.

ஆனால் அந்த ஆய்விலே நமக்கு இனிக்காத செய்தியும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகன்று. இடைவெளி சுருங்கியதற்குப் பெருங்காரணம், பெண்ணின் ஊதியம் விரைந்து ஏறியதன்று. ஆணின் ஊதிய உயர்வு மெல்ல நடந்ததே. முதலாளி தன் பையைத் திறக்கவில்லை, ஒருவர் தட்டிலே கைவைத்து மற்றவருக்குச் சமன் காட்டினான். ஆகவே ஏட்டைத் திறப்பது முதற்படி மட்டுமே. திறந்த ஏட்டைக் கையிலே வைத்துக்கொண்டு உயர்வுக்குப் போராடச் சங்கம் இல்லையென்றால், சமத்துவம் என்பது எல்லோரையும் கீழே இழுக்கும் கயிறாகவும் ஆகக்கூடும்.

“பெரிய நிறுவனம் செய்யும், சிறு தொழில் தாங்குமா?” என்பர் சிலர். அந்தப் பரிவினால்தான் டென்மார்க் 35 என்று கோடு கிழித்தது. பிரிட்டன் 2017-இல் 250 என்று கிழித்தது. சிறு தொழில் நடத்துவோரின் கடன் தொல்லையை நான் அறியாதவன் அல்லேன். எனினும், மாதந்தோறும் எப்படியும் எழுதும் சம்பளப் பட்டியலின் அடியிலே ஒரு கூட்டலுக்குப் பதில் இரண்டு கூட்டல் போடுவதற்கு எத்தனை முதல் வேண்டும்?

‘தாங்காது’ எனும் வாதம் நம் நாட்டு உச்சநீதிமன்றத்தின் படியும் ஏறிற்று. மாக்கினன் மெக்கன்சி நிறுவனத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்த ஆட்ரி டி'கோஸ்டா அம்மையார், ஆண் சுருக்கெழுத்தாளரைவிடத் தமக்குக் குறைவாகத் தரப்பட்டதென்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தின்படி வழக்கிட்டார். சமமாகத் தரும் நிதி வலிமை நிருவாகத்துக்கு உண்டா இல்லையா என்பதைப் பொறுத்ததன்று இச்சட்டம் என 1987-இல் தீர்ப்பாயிற்று.

அவ்வழக்கிலே நிறுவனம் ஏந்திய மற்றொரு கேடயம் எது தெரியுமா? 1975-இல் ஊழியர் சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம்! பெண் சுருக்கெழுத்தாளருக்குத் தனித் தட்டு வைத்த அந்த ஏற்பாடு சங்கத்தின் கையொப்பத்தோடு நின்றது. ஒப்பந்தம் என்பதற்காகச் சட்டமீறல் சரியாகிவிடாது என்று நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. முதலாளியின் பேரேட்டைப் பூட்டிய சாவிகளில் ஒன்று, அறிந்தோ அறியாமலோ, நம் போன்றோரின் இடுப்பிலும் தொங்கியிருக்கிறது.

எனவே அடுத்த முறை ஊதியப் பேச்சுக்கு அமரும் தோழர்கள், எத்தனை விழுக்காடு உயர்வு என்று கேட்பதற்கு முன்னால், சம்பளப் பட்டியலை ஆண், பெண் எனப் பிரித்து மேசைமேல் வைக்கச் சொல்லட்டும். வைக்க மறுத்தால் பேச்சு அங்கேயே நிற்கட்டும். அதற்கு முன், நம் சங்க அலுவலகங்களில் தட்டெழுத்தும் கணக்கும் பார்க்கும் சகோதரிகளின் சம்பளப் பட்டியலை நாமே ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுவோம்.