பள்ளிக்கூடம் அரசியல் இல்லையா?

சர்வகலாசாலைகளில் அரசியல் விஞ்ஞானம் என்று ஒரு பாடம் நடக்கிறது. பார்லிமெண்டின் அதிகாரம் என்ன, கவர்னரின் அதிகாரம் என்ன என்று சொல்லித் தருகிறார்கள். நல்லது. ஆனால், பள்ளிக்கூடம் யார் கையில் இருக்கிறது, யார் பிள்ளை உள்ளே படிக்கிறது, யார் பிள்ளை வெளியே மாடு மேய்க்கிறது என்று கேட்டால், "அது வாத்தியார் பயிற்சிக் காலேஜ் விவகாரம்" என்று தட்டிக் கழிக்கிறார்கள்.

அப்படியா சங்கதி?

1957-ல் கேரளத்தில் தோழர் இ.எம்.எஸ். மந்திரிசபை ஒரு கல்வி மசோதாவைக் கொண்டுவந்தது. தனியார் பள்ளி வாத்தியார்களுக்குச் சர்க்காரே நேரில் சம்பளம் கொடுக்கும். மானேஜர் இஷ்டத்துக்கு ஆள் வைக்கக் கூடாது. நிர்வாகம் கெட்ட பள்ளியைச் சர்க்கார் எடுத்து நடத்தலாம் என்றது மசோதா. பள்ளிகளைக் கையில் வைத்திருந்த சபைத் தலைவர்களும் ஜாதிச் சங்கத் தலைவர்களும் கொதித்தெழுந்தார்கள். நிலச் சீர்திருத்தத்தைக் கண்டு கிலி பிடித்த நிலப்பிரபுக்களும் சேர்ந்துகொண்டார்கள். 1959 ஜூலை 31-ந் தேதி மத்திய சர்க்கார் அந்த மந்திரிசபையை டிஸ்மிஸ் செய்தது.

இன்று மாணவன் 356-வது ஷரத்தை மனப்பாடம் செய்கிறான். வாத்தியாரின் சம்பளப் பட்டுவாடாவுக்கும் அந்த ஷரத்துக்கும் உள்ள உறவை அவனுக்கு யார் சொல்வது?

நம் ராஜ்யத்தில் நடந்தது என்ன? 1953-ல் ராஜாஜி சர்க்கார் கிராமப் பள்ளிப் படிப்பைத் தினம் மூன்று மணி நேரமாக வெட்டியது. மீதி நேரத்தில் தகப்பன் தொழிலைக் கற்க வேண்டுமாம்! பண்ணையாளின் மகன் எதைக் கற்பான்? கை கட்டி நிற்பதைத்தான்! குலக்கல்வி என்று ஜனங்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். 1954-ல் காமராஜ் மந்திரிசபை அதைக் கைவிட்டது.

14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்விக்கு அரசியல் சட்டத்தின் 45-வது ஷரத்து பத்தாண்டுத் தவணை வைத்தது. தவணை 1960-ல் முடிந்தது. கல்வி உரிமைச் சட்டம் அமுலுக்கு வந்ததோ 2010-ல்! இந்த ஐம்பது ஆண்டுத் தாமதத்தால் மலிவுக் கூலிக்கு ஆள் கிடைத்தது யாருக்கு? இது அரசியல் கேள்வி இல்லையென்றால் எதுதான் அரசியல்?

"படிப்பில் அரசியலைப் புகுத்தாதே" என்கிறார்கள். அது ஏற்கெனவே புகுந்துதான் இருக்கிறது, ஐயா! அதை மூடி மறைப்பதும் அரசியலே.

தோழர்களே! சர்வகலாசாலைப் பாடம் நமக்கெதற்கு என்று இருந்துவிடாதீர்கள். "பிள்ளைகள் குறைவு" என்று நாளை உங்கள் ஊர்ப் பள்ளியை மூடக் கையெழுத்துப் போடப்போகும் அதிகாரி இன்று அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். உங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் படி ஏறிய மகளும் அங்கேதான் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தின் அரசியலை அங்கே கட்டாயப் பாடமாக்கு என்று சங்கக் கூட்டங்களில் தீர்மானம் போடுங்கள்! நம் பிள்ளைகள் அதைக் கற்கட்டும். கற்றதை ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் வந்து நமக்குச் சொல்லட்டும்!