அலை வரைக்கும் ஒரு மரப்பாதை

சென்னைக்குப் போகிறவர்கள் கடலைப் பார்க்காமல் திரும்புவது அபூர்வம். கல்யாணத்துக்குப் போனாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, ஒரு மாலைப் பொழுதை மெரினாவுக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். சுண்டல் வாங்குவார்கள். அலையில் கால் நனைப்பார்கள். அவ்வளவு பெரிய பட்டணத்தில் டிக்கெட் இல்லாத காட்சி இது.

நாமும் ஒரு ஞாயிறு மாலை அங்கே நடந்து பார்த்தோம். உழைப்பாளர் சிலையில் தொடங்கினோம். நான்கு பேர் சேர்ந்து ஒரு பாறையை நகர்த்துகிறார்கள் அல்லவா, அந்தச் சிலைதான். செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1959-ம் ஆண்டு திறந்தார்கள்.

அங்கிருந்து தெற்கே நடந்தால் இடது கைப்பக்கம் கடல். வலது கைப்பக்கம் பழைய கட்டிடங்கள். ஓரத்தில் 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த சிலைகள். அவ்வை நிற்கிறாள். கம்பர் நிற்கிறார். கண்ணகி சிலம்போடு நிற்கிறாள். (அவளை 2001-ல் எடுத்துவிட்டார்கள், 2006-ல் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள்.) சிறுவர்களை அழைத்துப் போகிறவர்கள் ஒவ்வொரு சிலையின் கீழேயும் நிறுத்தி, பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லலாம். படிக்கப் பழகும் பெரியவர்களுக்கும் இது நல்ல பாடம்.

மாநிலக் கல்லூரியைத் தாண்டிப் போனால் விவேகானந்தர் இல்லம் வருகிறது. பழைய சென்னைக்காரர்கள் ‘ஐஸ் ஹவுஸ்’ என்பார்கள். 1842-ல் கட்டியது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறையும் ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை அறுத்துக் கப்பலில் கொண்டுவந்து இங்கே அடுக்கி வைத்தார்கள். அப்போது சென்னையில் துறைமுகம் இல்லை. கப்பல் தூரத்தில் நிற்கும். சரக்கைப் படகில் ஏற்றிக் கரை சேர்ப்பார்கள். 1897-ல் சுவாமி விவேகானந்தர் இந்தக் கட்டிடத்தில் தங்கினார்.

பனிக்கட்டி உருகாமல் பாதி உலகத்தைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்தது. ஆனால் கால் விளங்காத ஒருவர், சாலையிலிருந்து அலைக்குப் போக வழி இல்லாமல் இருந்தது!

காரணம் மணல். மெரினாவில் சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவே சுமார் 300 மீட்டர் மணல் கிடக்கிறது. ஆதியில் இவ்வளவு இல்லை. துறைமுகம் கட்டக் கடலுக்குள் கல்சுவர் போட்டார்கள். ஆண்டில் பல மாதங்கள் கடல் நீரோட்டம் மணலைத் தெற்கேயிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது. ஒரு பக்கத்தின் அழகு இன்னொரு பக்கத்துக்கு நஷ்டம். அது பெரிய கதை; வேறொரு நாள் எழுதுவோம்.

நடக்கிறவனுக்கு மணல் விளையாட்டு. சக்கர நாற்காலிக்கு மணல் சுவர். முன்னே இருக்கும் சின்னச் சக்கரம் முதலில் புதையும். பிறகு தள்ள முடியாது, இழுக்கத்தான் முடியும். நாலு பேர் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தன்னைத் தூக்கச் சொல்லிக் கேட்க எத்தனை பேருக்கு மனம் வரும்? ‘நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு, சாலை ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனையோ பேர்.

சில ஆண்டுகள் டிசம்பர் 3-ந் தேதி, மாற்றுத் திறனாளிகள் தினத்தையொட்டி, தற்காலிகமாகப் பாதை போட்டார்கள். சில நாள் இருக்கும், பிறகு பிரித்துவிடுவார்கள். சில நாள் மட்டும் கடல் காட்டுவது என்ன நியாயம்? நிரந்தரமாக வேண்டும் என்று மாற்றுத் திறனாளிகள் கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள். 2022 நவம்பர் 27-ந் தேதி, விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மரப்பாதை திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர். அகலம் 3 மீட்டர். செலவு ரூ.1 கோடியே 14 லட்சம்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 9-ந் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. பாதையின் கடைசிப் பகுதியை அலை பெயர்த்துப் போட்டது. ‘பணம் கடலில் போயிற்று’ என்று கேலி செய்தவர்கள் உண்டு. புயலில் சாலை உடைந்தால் சாலையே வேண்டாம் என்கிறோமா? செப்பனிட்டார்கள். அதுதான் சரி.

நாம் போன மாலையில் ஒரு பேரன் தன் பாட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பாதை நிறைய ஆட்கள். ஓடுகிற பிள்ளைகள், கைப்பிடியில் சாய்ந்து படம் எடுக்கிற இளைஞர்கள். “கொஞ்சம் வழி விடுங்க அண்ணே” என்று அவன் கேட்டுக்கேட்டுத்தான் நகர வேண்டியிருந்தது. நாலைந்து நிமிடத்தில் போகிற தூரம், கால்மணி ஆயிற்று.

நல்ல கால் உள்ளவர்களுக்கு இருபுறமும் மணல் இருக்கிறது. அதில் இறங்கி நடக்கக் கூடாதா? கூட்டம் மிகுந்த விடுமுறை நாட்களில் பாதையின் தொடக்கத்தில் ஒரு காவலர் நின்று சொன்னாலே போதும். காற்று பலகைமேல் மணலை வாரிப் போடுகிறது. அதைத் தினமும் பெருக்க வேண்டும். ஆடுகிற பலகையை உடனுக்குடன் மாற்ற வேண்டும். இவை கோடி ரூபாய் வேலைகள் அல்ல. ஒரு துடைப்பமும் ஒரு தச்சரும் போதும். ஐப்பசி மழைக்கும் புயலுக்கும் முன்பே, ஒவ்வோர் ஆண்டும், மாநகராட்சி இந்தப் பாதையை முனை வரைக்கும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பேரன் கடைசியில் முனைக்கு வந்து நாற்காலியை நிறுத்தினான். “கிட்ட வந்துட்டோம் ஆயா” என்றான். கிழவி பேசவில்லை. செருப்பை மட்டும் கழற்றச் சொன்னாள்.