பிரதம மந்திரி பிரகாசம்

இராயபுரத்தினின்று துறைமுகத்தை ஒட்டித் தெற்கே செல்வோர் பாரி முனையில் உயர்நீதிமன்றத்தைக் காண்பர். அதன் அருகே, 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், சைமன் குழுவின் வருகையை எதிர்த்துத் திரண்ட மக்களைப் போலீஸார் சுட்டனர்; ஒருவர் மாண்டார். அவர் உடலைக் காணச் சென்ற தங்குடூரி பிரகாசம் பந்துலு, வழிமறித்த துப்பாக்கிக்கு நேரே தம் மார்பைத் திறந்து காட்டினார். 'ஆந்திர கேசரி' என மக்கள் அவரைப் போற்றினர். வழக்கறிஞர் தொழிலில் ஈட்டிய பெரும்பொருளை எல்லாம் தாம் 1921-இல் தொடங்கிய 'சுவராஜ்யா' பத்திரிகைக்கே கொட்டிய வள்ளல் அவர்.

நிற்க. அவர் சென்னை மாகாணப் பிரதம மந்திரியாய் (மாகாண முதல்வரை அந்நாளில் அங்ஙனமே அழைத்தனர்) இருந்தது பதினொரு திங்கள்கூட அன்று. 1946 ஏப்ரல் 30 முதல் 1947 மார்ச் 23 வரையே. காந்தியடிகள் இராஜாஜியை விரும்பியிருந்தும், சட்டசபைக் காங்கிரஸ் கட்சியார் பிரகாசத்தையே தேர்ந்தனர். நூற்பாலைகள் பெருகுவதைத் தடுத்துக் கைராட்டையை வளர்க்க அவர் முயன்றார். ஆலை முதலாளிகளின் பகையைத் தேடிக்கொண்டார். அத்துணிவை யான் மெச்சுகின்றேன்.

ஆயினும் அவர் ஆட்சியிலேதான், 1946 செப்டம்பர் 5-இல், திருச்சிராப்பள்ளிப் பொன்மலையில் வேலைநிறுத்தம் செய்த ரயில்வேத் தொழிலாளர்மீது குண்டு பாய்ந்தது, ஐவர் மடிந்தனர். 1947 ஜனவரியில் ஓர் அவசரச் சட்டமும் பிறந்தது. விசாரணையின்றியே ஆளைச் சிறைவைக்க அஃது இடந்தந்தது. கம்யூனிஸ்டுகளும் தொழிற்சங்கத்தார் பலரும் சிறை புகுந்தனர். ஆகஸ்டுக் கிளர்ச்சியின்பொருட்டு 1942 முதல் 1945 வரை தாமே காவலில் வாடியவர் இதற்கு எங்ஙனம் இசைந்தார்?

போருக்குப் பிற்பட்ட உணவுப் பஞ்சமும், வடநாட்டுக் கலவரமும், எங்கும் மூண்ட வேலைநிறுத்தங்களும் அவரை நெருக்கின என்பர் சிலர். மெய்யே. ஆனால் அந்நியர் ஆட்சியும் தன் அடக்குமுறைக்கு இத்தகைய காரணங்களையே காட்டிற்றன்றோ? நெருக்கடி இல்லாத காலத்தில் அவசரச் சட்டத்தை நாடுவார் யார்? ஆள்வோரின் மனத்தை அளக்கும் காலம் அதுவே என்பது என் துணிபு.

அவரை வீழ்த்திய கட்சியாரும் பொன்மலைக்காக வீழ்த்தினாரல்லர், உட்பூசலே காரணம். அவருக்குப்பின் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் பதவியேற்றார். பிரகாசம் 1953-இல் ஆந்திர இராச்சியத்தின் முதல் முதலமைச்சரானார், அடுத்த ஆண்டே நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் அப்பதவியையும் இழந்தார், 1957-இல் மறைந்தார்.

அவரைப் பற்றி மேடையேறுவோர் பெரும்பாலும் பாரி முனையோடு நிறுத்திவிடுகின்றனர். துறைமுகத்திலும், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளிலும் உழைப்போரின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்குப் பொன்மலையையும் சொல்லவேண்டாவா? 'பிரகாசம் தொழிலாளர்க்கு நீதி செய்தாரா?' என்பதனை அடுத்த விவாதக் கூட்டத்தின் பொருளாகக் கொள்ளுமாறு நம் தமிழ்ச் சங்கத்தாரை வேண்டுகின்றேன். 'இல்லை' என்னும் பக்கத்தில் பேச யான் முன்வருகின்றேன்; மறுத்துரைக்க வல்லார் பெயர் கொடுப்பாராக.