தரகர் திருப்பித் தரும் பணம்

"கடன் கொடுக்கிற பாங்கியிடம் இதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை" என்று ஒரு வாக்கியம், அமெரிக்காவில் வீடு வாங்குகிற நம்மவர்கள் மத்தியில் வெகு சகஜமாகப் புழங்கி வருகிறது. தரகர் அதை வீடு வாங்குபவரிடம் சொல்கிறார். வாங்கியவர் தம் சிநேகிதரிடம் சொல்கிறார். பிறகு திருச்சியிலோ மாம்பலத்திலோ இருக்கும் தகப்பனாருக்கு டெலிபோனில் சொல்கிறார். தகப்பனார், "பையன் வீட்டு விலையிலே பத்தாயிரம் டாலர் மிச்சம் பிடித்துவிட்டான்!" என்று கோயில் பிராகாரத்தில் நாலு பேரிடம் சொல்லிச் சந்தோஷப்படுகிறார். இத்தனை பேரில் ஒருவராவது, "ஏன் சொல்ல வேண்டிய அவசியமில்லை?" என்று கேட்டதாகத் தெரியவில்லை. அதனால் நான் கேட்கிறேன்.

விவரம் அறியாத வாசகர்களுக்கு முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வீடு விற்பவருக்கு ஒரு தரகர், வாங்குபவருக்கு ஒரு தரகர் என்று இருவர் இருப்பது வழக்கம். இருவருக்கும் சேர்த்து, விலையில் நூற்றுக்கு ஐந்தோ ஆறோ கமிஷனாகப் போவது நெடுநாளைய பழக்கம். விற்பவருக்கு வரும் பணத்திலிருந்தே அது கழியும். இதில் வாங்குபவரின் தரகர் தம்முடைய பங்கில் ஒரு பகுதியை வாங்குபவருக்கே திருப்பிக் கொடுப்பதுண்டு. அதற்கு அங்கே ரிபேட் என்று பெயர். 5 லட்சம் டாலர் வீடு. தரகரின் பங்கு இரண்டரை சதவிகிதம், அதாவது 12,500 டாலர். அதில் 10,000 டாலரை, "உங்களுக்காக விட்டுக் கொடுக்கிறேன், சார்" என்று தரகர் திருப்பித் தருகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இப்படித் திருப்பித் தருவதில் ஒரு குற்றமும் இல்லை. இதை அழுத்தமாகச் சொல்லிவிட வேண்டும்; ஏனென்றால் ரிபேட்டையே தடை செய்கிற சட்டங்கள் அந்த நாட்டின் சில ராஜ்யங்களில் உண்டு. ஜனங்களைக் காப்பாற்றத்தான் இந்தத் தடை என்று அங்குள்ள தரகர் சமூகம் சாதிக்கிறது. எந்த ஜனங்களை என்று கேட்கக் கூடாது! ஒரு தரகர் விலையைக் குறைத்துக் கொண்டால் மற்றத் தரகருக்கு வயிறு எரியும் என்பதைத் தவிர அந்தத் தடைக்கு வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை. 2005ஆம் வருஷம் கென்டக்கி ராஜ்யத்தின் தரகர் கமிஷன் மீது அமெரிக்க நீதி இலாகாவே வழக்குப் போட்டு, ரிபேட் தடையை எடுக்க வைத்தது. நம்மவர்கள் ஏராளமாகக் குடியேறியிருக்கும் நியூஜெர்சியில் 2010ல் சட்டத்தைத் திருத்தி, வாங்குபவருக்குத் தரகர் ரிபேட் கொடுக்கலாம் என்று அனுமதித்தார்கள். நல்ல காரியம். தன் கூலியில் ஒரு பகுதியை ஒருவன் விட்டுக் கொடுத்தால் அதைத் தடுக்க சர்க்காருக்கு என்ன உரிமை?

ஆகவே ரிபேட்டோடு எனக்குச் சண்டை இல்லை. அதை ஒளிக்கிறார்களே, அதோடுதான் சண்டை.

அங்கே கடன் கேட்டு எழுதும் மனுவுக்கு எல்லாப் பாங்கிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரியான படிவம் வைத்திருக்கின்றன. 2021 மார்ச் முதல் அது புதிய வடிவில் வழக்கத்தில் இருக்கிறது. அதில் ஒரு கேள்வி வருகிறது. இந்த வீடு வாங்கும் விஷயமாக, விற்பவரிடமிருந்தோ வீட்டுத் தரகரிடமிருந்தோ, இந்த மனுவில் நீங்கள் தெரிவிக்காத பணம் ஏதாவது பெறுகிறீர்களா என்று அது கேட்கிறது. தரகர் என்ற வார்த்தையைப் போட்டே கேட்கிறது! "பாங்கிக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை" என்கிறார்களே, பாங்கிதான் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டதே! கேட்ட பிறகும் ரிபேட்டை மறைத்து, "இல்லை" என்ற கட்டத்தில் குறி போட்டுக் கீழே கையெழுத்திடுகிறவர், 'சொல்லாமல் விட்டவர்' ஆக மாட்டார். பொய் சொன்னவர் ஆகிறார். கடன் பெறுவதற்காக பாங்கியிடம் தெரிந்தே பொய் சொல்வதற்கு அந்த நாட்டு மத்திய சட்டத்தில் அதிகபட்ச தண்டனை 30 வருஷச் சிறையும் 10 லட்சம் டாலர் அபராதமும். ரிபேட்டுக்காக யாரையும் 30 வருஷம் உள்ளே தள்ளிவிடப் போவதில்லைதான். ஆனால் சட்டம் இதை எந்த வரிசையில் வைத்திருக்கிறது என்பதைக் கோயில் பிராகாரத்துத் தகப்பனார் அறிந்திருக்க வேண்டாமா?

"கதை எழுதுகிறவருக்குப் பாங்கி விவகாரம் எதற்கு?" என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. பொய்யை எழுதியே இருபது வருஷமாகப் பிழைக்கிறவன் நான். என்னுடைய பொய்க்கு மேலட்டையில் 'நாவல்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது. காசு கொடுத்து வாங்குகிறவர் பொய் என்று தெரிந்தேதான் வாங்குகிறார். இந்தக் கடன் மனுவின் மேலே அப்படி ஒன்றும் அச்சடித்திருக்கவில்லை.

"பாங்கிக்கு இதனால் என்ன நஷ்டம்?" என்பது அடுத்த கேள்வி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 லட்சம் டாலர் வீட்டுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, அதாவது 4,75,000 டாலர் கடன். வாங்குபவர் கையிலிருந்து 25,000 டாலர் போட்டிருக்கிறார் என்று நம்பித்தான் பாங்கி கொடுக்கிறது. ஒரு மாதம் கழித்துத் தரகரின் செக் 10,000 டாலருக்கு வந்து சேருகிறது. இப்போது வாங்குபவர் உண்மையில் போட்டது 15,000தான். வீட்டின் உண்மையான விலை 4,90,000தான். கடனோ அதே 4,75,000. நூற்றுக்குக் கிட்டத்தட்டத் தொண்ணூற்றேழு! தன் பணம் எவ்வளவு உள்ளே கிடக்கிறதோ அவ்வளவுக்குத்தான் மனுஷனுக்கு வீட்டின் மேல் பிடிப்பு இருக்கும். கஷ்டகாலத்தில் சாவியை எறிந்துவிட்டுப் போகாமல் பல்லைக் கடித்துக் கொண்டு தவணை கட்டுவான். பாங்கிகள் இதைத் தெரிந்து வைத்திருப்பதால்தான் கணக்கில் இவ்வளவு கண்டிப்பு. கடன்களைப் பாங்கிகளிடமிருந்து மொத்தமாக வாங்கிக் கொள்ளும் ஃபானி மே என்ற பெரிய ஸ்தாபனம் இதற்கு விதியே வகுத்திருக்கிறது. குடியிருக்க வாங்கும் வீட்டில் வாங்குபவரின் சொந்தப் பணம் பத்து சதவிகிதத்துக்குக் குறைவாக இருந்தால், விற்பவர், தரகர் முதலிய சம்பந்தப்பட்டவர்கள் அவருக்குத் தரும் உதவி மூன்று சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது. அதையும் பத்திரச் செலவு முதலியவற்றுக்குத்தான் உபயோகிக்கலாம். முன்பணமாகக் காட்டக் கூடாது. மிஞ்சினால் வீட்டு விலையிலிருந்து கழித்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

அதாவது, சொன்னால் யாரும் தலையை வாங்கிவிடுவதில்லை. 2015 அக்டோபரிலிருந்து, பத்திரம் முடிவதற்கு மூன்று வேலை நாட்களுக்கு முன்பே ஐந்து பக்கத்தில் ஒரு கணக்குத் தாளைக் கடன் வாங்குபவர் கையில் கொடுத்தாக வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. குளோசிங் டிஸ்க்ளோஷர் என்று பெயர். தரகரின் ரிபேட்டை அதில் ஒரு வரியாக எழுதிவிட்டால் போதும். வாங்குபவரின் செலவு அந்த அளவுக்குக் குறையும். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் தூங்கலாம்.

நஷ்டம் பாங்கியோடு நிற்பதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிற விஷயம். அடுத்த தெருவில் இன்னொருவர் வீடு வாங்க வருகிறார். மதிப்பீடு செய்கிறவர் என்ன பார்க்கிறார்? பக்கத்தில் சமீபத்தில் எந்த வீடு என்ன விலைக்குப் போயிற்று என்று பார்க்கிறார். ரிஜிஸ்தரில் 5 லட்சம் என்று இருக்கிறது. 10,000 டாலர் திரும்பி வந்த கதை அவருக்குத் தெரியாது. அந்தப் பொய்யான 5 லட்சத்தை வைத்து அடுத்த வீட்டுக்கு மதிப்புப் போடுகிறார். இப்படித் தெருவுக்குத் தெரு விலை ஏறுகிறது. 2008ல் அமெரிக்காவின் வீட்டுக் கடன் மாளிகை இடிந்து விழுந்ததற்கு முந்திய வருஷங்களில், விலையைக் கூட்டி எழுதி மிச்சத்தை ரொக்கமாக வாங்கிக் கொள்ளும் தந்திரம் எத்தனையோ ஊர்களில் நடந்தது. நம்மவர் வாங்கும் சாதுவான ரிபேட் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொன்னால் கோபித்துக் கொள்கிறார்கள். சாயல் அப்படியே இருக்கிறதே, நான் என்ன செய்ய?

பாங்கிகளுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. அதே 2008க்கு முன்னால், "உங்கள் வருமானம் எவ்வளவு? நீங்கள் சொன்னால் போதும், அத்தாட்சி வேண்டாம்" என்று கடன் வாரி வழங்கிய உத்தமர்கள் அவர்கள்! கண்ணை மூடிக் கொண்டு கொடுத்தார்கள். கொடுத்த கடனை மறுநாளே பிறர் தலையில் கட்டினார்கள். செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் திவால் மனுக் கொடுத்தபோது உலகமே நடுங்கியது. பென்ஷன் பணத்தை இழந்த கிழவர்களும், வீட்டை இழந்த குடும்பங்களும் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. பாங்கி அயோக்கியத்தனம் செய்தது என்பது உண்மை. அதற்காக நான் கையெழுத்திடும் தாளில் நான் எழுதுவது உண்மையாகிவிடுமா?

என் தமக்கையின் மகன் டல்லாஸ் பக்கத்தில் இருக்கிறான். சென்ற வருஷம் வீடு வாங்கும்போது அவனிடமும் தரகர் இதே மந்திரத்தை ஓதினார். செக் ஒரு மாதம் கழித்து வரும், பாங்கி காதில் போட வேண்டாம் என்று. பையன் என்னிடம், "மாமா, இது இங்கே எல்லாரும் பண்றதுதான். நீங்க கதை எழுதறவர், இந்தக் கணக்கெல்லாம் உங்களுக்குப் பிடிபடாது" என்றான். பிடிபடவில்லை என்றே நானும் வைத்துக் கொண்டேன். ஆனால் மனுவை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தவள் அவன் மனைவி. அந்தக் கேள்விக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். எனக்கே போன் செய்து, "கீழே கையெழுத்து என்னோடதும்தானே, மாமா? தரகர் கையெழுத்து இதிலே எங்கேயும் காணோமே!" என்றாள். என் நாவல்களில் வருகிற வக்கீல்கள் ஒருவரும் இவ்வளவு சுருக்கமாக வாதாடியதில்லை. அவர்கள் பாங்கிக்காரரிடம் சொன்னார்கள். பத்திரச் செலவு எவ்வளவோ அவ்வளவுக்கு ரிபேட்டை எழுதிக் கொள்ளலாம், மீதியை ரொக்கமாகத் தர முடியாது என்று பாங்கியில் சொல்லிவிட்டார்கள். தரகருக்கு ரொம்ப வருத்தம், கிருகப்பிரவேசத்துக்கு வரவில்லை.

நம்மவர்களுக்கு இது ஏன் தவறாகப் படுவதில்லை என்று யோசித்துப் பார்த்தேன். ஊரில் நிலம் வாங்கி விற்றுப் பழகிய குடும்பங்கள் நாம். பத்திரத்தில் ஒரு விலை, பாய்க்கு அடியில் ஒரு விலை. கறுப்பு இவ்வளவு, வெள்ளை இவ்வளவு. சின்ன வயதிலேயே கேட்டுக் கேட்டு, விலை என்றால் இரண்டு இருக்கும் என்று மனத்தில் பதிந்து போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், இங்கே முத்திரைக் கட்டணத்துக்குப் பயந்து விலையைக் குறைத்து எழுதுகிறோம். அங்கே கடன் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்று கூட்டி எழுதுகிறோம். விலாசம் மாறியதும் பொய்யும் தலைகீழாகி, இரண்டு ஊரிலும் நமக்கே லாபம் தருகிறது!

இதைவிடப் பெரிய வேடிக்கையும் உண்டு. அமெரிக்க வருமான வரி இலாகா, இப்படித் திரும்பி வரும் பணம் வாங்குபவருக்கு வருமானம் ஆகாது, வீட்டு விலையில் ஏற்பட்ட குறைவே என்று விளக்கம் தந்திருக்கிறது. நியாயமான விளக்கம், அதனால் அந்தப் பணத்துக்கு வரி இல்லை. நம் அன்பர் என்ன செய்கிறார்? வரி இலாகாவின் பக்கம் திரும்பி, "என் வீட்டு விலை 4,90,000தான்" என்கிறார். பாங்கியின் பக்கம் திரும்பி, "5 லட்சம்" என்கிறார். ஒரே வாய், ஒரே வீடு. இப்படி ஒரு பாத்திரத்தை நான் நாவலில் படைத்தால், "நம்பும்படியாக இல்லை" என்று விமரிசகர்கள் எழுதுவார்கள்.

தரகர்களிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. 10,000 டாலரை விட்டுக் கொடுக்க உங்களுக்கு உண்மையிலேயே மனம் இருக்கிறதல்லவா? அப்படியானால் ஆரம்பத்திலேயே உங்கள் கூலியைக் குறைத்துக் கொண்டு, அந்த அளவுக்கு வீட்டு விலையையே குறைக்கும்படி விற்பவரிடம் பேசலாமே! கடனும் குறையும், மாதத் தவணையும் குறையும், ரிஜிஸ்தரில் ஏறும் விலை மெய்யாக இருக்கும். ஏன் செய்வதில்லை? முழுக் கமிஷன் என்ற கௌரவம் கணக்கில் நிற்க வேண்டும். வள்ளல் என்ற பெயரும் வேண்டும். பொய்யின் பாரத்தை மட்டும் கடன் வாங்குகிறவர் சுமக்க வேண்டும்.

இதற்கு ஒரு வழியும் இப்போது திறந்திருக்கிறது. 2023 அக்டோபரில் மிசௌரி ராஜ்யத்திலுள்ள மத்திய கோர்ட்டு ஒன்றில், கமிஷன் விஷயமாகத் தேசியத் தரகர் சங்கத்துக்கு எதிராக ஜூரிகள் தீர்ப்புக் கூறினார்கள். மறு வருஷம் மார்ச்சில் சங்கம் 41 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்து ராஜியாகப் போக ஒப்புக் கொண்டது. அந்த ராஜியின்படி, 2024 ஆகஸ்ட் 17 முதல், சங்கத்தைச் சேர்ந்த தரகர் ஒரு வீட்டைச் சுற்றிக் காட்டுவதற்கு முன்பே, தம் கூலி எவ்வளவு என்று வாங்குபவரோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து கொள்ள வேண்டும். கூலி பேரத்துக்கு உட்பட்டது என்றும் அதில் எழுதியிருக்க வேண்டும். இரண்டரை என்று எழுதிப் பிறகு இரண்டைத் திருப்பித் தருவதற்குப் பதிலாக, அந்தத் தாளிலேயே அரை என்று எழுதச் சொல்லிப் பிள்ளைகள் கேட்டுப் பார்க்கட்டும். தரகர் என்ன பதில் சொல்கிறார் என்று எனக்கும் ஒரு கடிதம் போட்டால் சந்தோஷப்படுவேன்.